மதுரையை நடந்தே பார்க்க ஒரு நாள்: ஆடி வீதியிலிருந்து வெளி வீதி வரை

மதுரைக்கு வருபவர்கள் பெரும்பாலும் மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டு, ஆட்டோ பிடித்து திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய், ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். நான்கு மணி நேரத்தில் மதுரை முடிந்துவிடும். ஆனால் இந்த ஊரின் அமைப்பே வேறு. நடுவில் கோயில், அதைச் சுற்றி ஆடி வீதிகள், அதற்கு வெளியே சித்திரை வீதிகள், அப்புறம் ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், கடைசியாக வெளி வீதிகள் என்று சதுரத்துக்குள் சதுரமாகப் போட்ட ஊர் இது. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு திருவிழா உண்டு, ஒரு வியாபாரம் உண்டு. ஆட்டோவில் போனால் இந்தச் சதுரங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவோம், ஒன்றும் பிடிபடாது. உள்ளிருந்து வெளியே, சுற்றுச் சுற்றாக நடந்தால்தான் ஊர் புரியும். அப்படி ஒரு முழு நாளைக் கழிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாம் கூட்டினால் சுமார் 10 கிலோமீட்டர் நடை வரும். நடுவில் மூன்று மணி நேர ஓய்வு உண்டு, பயப்பட வேண்டாம்.

எப்போது வருவது

தை பாதிக்கு மேல், மாசி முடிவதற்குள். என் கணக்கில் நடப்பதற்கு அதுதான் நல்ல காலம். மார்கழியிலும் வெயில் தணிந்துதான் இருக்கும், ஆனால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கோயிலை நிறைத்திருக்கும். தரிசன வரிசையிலேயே காலை போய்விடும். பங்குனிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு வருவது வேறு கதை, அது நடைப்பயணம் இல்லை, கூட்டம் தள்ளுகிற பக்கம் போவது. ஐப்பசியில் மழை. சாயங்காலத் திட்டம் எல்லாம் கலைந்துவிடும்.

கிழமையும் முக்கியம். வெள்ளிக்கிழமையும் பிரதோஷமும் கோயிலுக்குக் கூட்டமான நாட்கள். ஞாயிற்றுக்கிழமை தெருக்கள் காலியாக இருக்கும், நடக்கச் சுகம்தான், ஆனால் மொத்த வியாபாரக் கடைகள் பலவும் அடைத்திருக்கும். மாசி வீதியைச் சாத்திய ஷட்டர்களோடு பார்ப்பதில் அர்த்தமில்லை. சாதாரண புதன், வியாழன் போதும்.

முதல் நாள் இரவே செய்ய வேண்டியவை

கோயிலுக்குள் செல்போன் அனுமதி இல்லை. வாசலில் பாதுகாப்பு அறையில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். இரவில் மறுபடியும் கோயிலுக்கு வரப்போகிறோம் என்பதால் முடிந்தால் இரண்டு பேருக்கு ஒரு போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் சதுரங்களை வரைந்து, பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்து வைத்துக்கொள்வது வரைபடச் செயலியைவிட உதவும். வேட்டியோ பேன்ட்டோ, சேலையோ சுடிதாரோ போட்டுக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டையோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கயிறு கட்டும் ஷூ வேண்டவே வேண்டாம். ஒரு நாளில் ஆறேழு முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். எளிதாகக் கழலும், ஆனால் பட்டை வைத்த செருப்பே சரி. தண்ணீர் பாட்டில், ஒரு குடை, சில்லறை. இவ்வளவுதான் மூட்டை.

அதிகாலை 5:30: சித்திரை வீதிகள்

ரயில் நிலையத்திலிருந்து டவுன்ஹால் ரோடு நேராகக் கோயிலின் மேலக் கோபுரம் பக்கம் கொண்டுபோய் விடும். நடையில் பதினைந்து நிமிடம். சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது, கல் பாவிய தெரு. மதுரையில் முன்னும் பின்னும் பார்க்காமல் நடக்கக்கூடிய ஒரே இடம் இதுதான் என்று சொல்லலாம். மேலக் கோபுரத்திலிருந்து கிளம்பி வலமாக ஒரு முழுச் சுற்று வாருங்கள்.

கோயிலில் மொத்தம் 14 கோபுரங்கள். நான்கு திசைகளிலும் நிற்பவை ஒன்பது நிலைக் கோபுரங்கள். கிழக்குக் கோபுரம்தான் பழையது, 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. வடக்குக் கோபுரம் நெடுங்காலம் முடிக்கப்படாமல் நின்றதால் இன்றும் ஊரார் வாயில் அது மொட்டைக் கோபுரம்தான். தெற்குக் கோபுரம் எல்லாவற்றிலும் உயரம், 160 அடிக்குக் குறையாது. 16-ஆம் நூற்றாண்டில் கட்டியது. கீழிருந்து மேலே போகப்போக அதன் பக்கங்கள் லேசாக உள்வளைந்து ஏறும். கிழக்கு வெளுக்கும்போது தெற்குச் சித்திரை வீதியின் கோடியில் நின்று ஓரமாகப் பார்த்தால் அந்த வளைவு தெளிவாகத் தெரியும். நேர் எதிரே நின்றால் தெரியாது.

இந்த நான்கையும் இப்போதே மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வழி தப்பும்போதெல்லாம் கட்டட இடுக்குகளில் ஏதாவது ஒரு கோபுரம் தலைகாட்டும். எது என்று தெரிந்தால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

கிழக்கு வாசலில் பூக்கடைகள். மொட்டு மல்லி இந்த நேரத்தில் பச்சை வெள்ளையாக, விரியாமல் இருக்கும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழ் தடிமன், காம்பு நீளம். அதனால்தான் கட்டுவதற்கு வாகாக இருக்கிறது, சீக்கிரம் வாடுவதில்லை. கட்டுகிறவர்களின் கையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரில் ஒரு சுழற்று. பேச்சு நிற்காது, கையைப் பார்க்கவும் மாட்டார்கள்.

காலை 6:30 முதல் 9 வரை: கோயில்

அம்மன் சன்னதி வாசல் வழியாக நுழையுங்கள். மதுரையில் மீனாட்சியைப் பார்த்துவிட்டுத்தான் சுந்தரேசுவரர். இந்த வாசலுக்கு மேலே கோபுரம் இல்லை, அஷ்டசக்தி மண்டபம் இருக்கிறது. உள்ளே போனால் பொற்றாமரைக் குளம். குளத்தின் தெற்குப் படிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் உட்காருங்கள்.

தரிசனம் எப்படி, எந்த வரிசை என்பது உங்கள் விருப்பம். நான் சொல்ல வருவது தரிசனத்துக்கு அப்புறம் பலரும் தவறவிடுகிற மூன்று இடங்கள். ஒன்று, சுவாமி சன்னதிக்கு முன்னால் இருக்கும் கம்பத்தடி மண்டபம். மீனாட்சி கல்யாணச் சிற்பம் இங்கேதான் இருக்கிறது. பெருமாள் தாரை வார்த்துக் கொடுக்க, மீனாட்சி தலை கவிழ்ந்து நிற்பாள். காலண்டரில் ஆயிரம் முறை பார்த்த படத்தின் மூலம் இது. இரண்டு, வெள்ளியம்பலம். எல்லா ஊரிலும் நடராசர் இடது காலைத் தூக்கி ஆடுவார், இங்கே கால் மாற்றி வலது காலைத் தூக்கியிருப்பார். மூன்று, ஆயிரங்கால் மண்டபம். உண்மையில் 985 தூண்கள். நாயக்கர்களின் தளவாயான, அதாவது படைத்தலைவரான அரியநாத முதலியார் 1569-ல் கட்டியது. வீணை மீட்டும் பெண், குறவன், குறத்தி என்று ஒவ்வொரு தூணிலும் ஓர் ஆள் நிற்கிறார். இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

வெளியே வருமுன் ஆடி வீதியில் ஒரு சுற்று. மதிலுக்குள்ளேயே திறந்த வெளியாக இருக்கும் தெரு இது, சதுரங்களில் முதலாவது. வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்பதால் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். பத்தரைக்கு மேல் கல் காய்ந்துவிடும், அப்புறம் ஓட்டம்தான்.

இன்னொன்று. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும் இந்தக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதற்கு முன்பு இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எத்தனையோ பேர் கோபுரத்தை வெளியில் நின்று பார்த்ததோடு சரி. சிற்பங்களைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

9 மணி: சாப்பாடு, பிறகு ஆவணி மூல வீதி

மேலச் சித்திரை வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் பழைய சைவக் கடைகள் இருக்கின்றன. பொங்கல், வடை சாப்பிட்டால் தூக்கம் வரும். இட்லி போதும். இனிப்பு வேண்டுமானால் ரயில் நிலையம் பக்கம் பிரேமவிலாஸில் சூடான அல்வா. இலையில் வைத்துத் தருவார்கள், நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். கையில் நெய் ஒட்டும், துடைக்கக் காகிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆவணி மாதம் இறைவன் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் விழாவுக்குச் சுவாமி இந்த வீதிகளில்தான் வருவார், பெயர் அதனால். இன்று தெற்காவணி மூல வீதி முழுக்க நகைக்கடை. வேகமாகக் கடந்து போகலாம், ஒன்றும் நஷ்டமில்லை.

10 மணி: கூடலழகர் கோயிலும் மேலமாசி வீதியும்

தென்மேற்கு மூலையில், பெரியார் பேருந்து நிலையம் பக்கம் கூடலழகர் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெரியாழ்வார் பல்லாண்டு பாடியது இந்தத் தலத்தில்தான். மீனாட்சி கோயில் கூட்டத்துக்கு அப்புறம் இங்கே வந்தால் மூச்சு விடலாம். அட்டாங்க விமானத்தில் பெருமாள் ஒரு தளத்தில் உட்கார்ந்தும் ஒன்றில் நின்றும் ஒன்றில் படுத்தும் இருக்கிறார். பக்கத்துத் தெருவில் காஜிமார் பெரிய பள்ளிவாசல். மதுரையின் பழைய பள்ளிவாசல்களில் இது முக்கியமானது. தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள்.

பேருந்து நிலையத்துக்கு அருகே பழைய கோட்டையின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. பேனர்களுக்கும் கடைகளுக்கும் நடுவே இருப்பதால் தேட வேண்டும். மதுரையைச் சுற்றிக் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அதை இடித்துத் தள்ளினார். அரசாங்கத்துக்குக் காசு செலவில்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார் மனிதர். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடமே மனையாகக் கிடைக்கும் என்று அறிவித்தார். ஊர் வெளியே விரிந்தது. அளந்து கொடுத்த மாரட்டின் பெயரில் மாரட் வீதிகள், வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதிகள். கடைசிச் சதுரம் வெளி வீதிகள். திருவிழாப் பெயர் இல்லாத தெருக்கள் ஏன் இப்படி என்று கேட்டால் பதில் இதுதான்.

இனி மேலமாசி வீதியில் வடக்கே நடங்கள். இந்த ஒரு தெருவுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இம்மையில் நன்மை தருவார் கோயில். சிவனே சிவலிங்கத்தைப் பூசை செய்த இடம் என்பது தல வரலாறு. அதனால் நாம் பார்ப்பது லிங்கத்தின் பின்பக்கம். அடுத்து மதனகோபால சுவாமி கோயில். சின்னக் கோயில்தான், ஆனால் இதன் மண்டபத் தூண்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. 1912-ல் மதுரைக்கு வந்த அடெலின் பெப்பர் கிப்சன் என்ற பெண்மணி, கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த தூண்களையும் சிற்பங்களையும் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். அவர் இறந்ததும் 1919-ல் குடும்பத்தார் அவற்றைப் பிலடெல்பியா அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு கூடத்தில் மண்டபமாகவே அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே கேட்பாரற்றுக் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கட்சி, கோயில் சொத்தை விற்றது யார் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

இதே தெருவில்தான் காந்தி அரையாடைக்கு மாறிய வீடும். 1921 செப்டம்பர் 22 காலை, மாடியில் தங்கியிருந்தவர் முழங்கால் வரையிலான ஒற்றை வேட்டியோடு கீழே இறங்கினார். கடைசிவரை அந்த உடைதான். 251-ஏ என்பது கதவு எண். கீழே கதர்க் கடை. மாடிக்குப் போக வேண்டும் என்று கடையில் கேளுங்கள். பலர் இதைத் தாண்டிப் போயிருப்பார்கள், பலகையை அண்ணாந்து பார்க்காமலே.

ஒரு எச்சரிக்கை. மாசி வீதிகளில் நடைபாதை என்று ஒன்று இருப்பதாக நினைத்து வராதீர்கள். கடைச் சரக்கு, நிறுத்திய பைக், மூட்டை தூக்குபவர்கள் எல்லாம் போக மிச்சம்தான் நமக்கு. பின்னால் “சைடு, சைடு” என்று சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓரம் ஒதுங்கிவிடுங்கள், தலையில் பாரத்தோடு வருகிறவருக்கு நிற்க முடியாது.

12:30 முதல் 3:30: நடக்காதீர்கள்

கோயில்கள் சாத்தியிருக்கும். மீனாட்சி கோயிலும் பன்னிரண்டரைக்கு மூடி நான்கு மணிக்குத்தான் திறக்கும். வெயிலில் அலைவது வீரம் இல்லை. சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுங்கள். அறை இல்லாதவர்கள் நகரப் பேருந்து பிடித்துத் தமுக்கம் பக்கம் காந்தி அருங்காட்சியகம் போகலாம். ராணி மங்கம்மாளின் அரண்மனைக் கட்டடம், 1959-ல் நேரு திறந்துவைத்தது, நிழலும் மரமும் உண்டு. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. மதிய இடைவேளை விடுவார்கள், அதற்கேற்பப் போங்கள்.

3:30: மகால்

தென்கிழக்குப் பக்கம் திருமலை நாயக்கர் மகால். ஐந்து மணிக்குப் பார்வை நேரம் முடிவதால் இதற்கு மேல் தாமதிக்க வேண்டாம். 1636-ல் கட்டியது. இப்போது நிற்பது பழைய அரண்மனையில் கால் பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது பெயர்த்துக்கொண்டு போனது போக மிஞ்சியது. அதுவும் இடிந்துகொண்டிருந்ததைச் சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் 1866-க்கும் 1872-க்கும் இடையில் பழுது பார்க்கச் செய்தார். பிறகு நீதிமன்றங்கள் இங்கே இயங்கின.

முற்றத்தில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். சொர்க்க விலாசம் என்ற அரசவைக் கூடத்தின் நடுக் குவிமாடத்துக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பாருங்கள். மரமோ இரும்போ இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும் வைத்து எழுப்பியது. தூணில் கையை வைத்தால் சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பு இன்றும் தெரியும். காதலர்கள் பெயர் கீறிய இடங்களும் தெரியும்.

4:45: பத்துத்தூணும் விளக்குத்தூணும்

மகாலிலிருந்து கோயில் பக்கமாகத் திரும்பி நடந்தால் ஜவுளிக்கடைச் சந்துகள். “அண்ணே, பத்துத்தூண் எங்கிட்டு இருக்கு?” என்று கேளுங்கள். “இந்தா, இப்பிடிக்கூடிப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க” என்பார்கள். போனால் சந்துக்குள், துணிக்கடைகளுக்கு நடுவே, பெரிய கல்தூண்கள் வரிசையாக நிற்கும். நாயக்கர் அரண்மனையின் காணாமல் போன பகுதியில் மிஞ்சியவை. மேலே கூரை இல்லை, தாங்குவதற்கு ஒன்றுமில்லை. கடைக்காரர்கள் அதன் அடியிலேயே நைட்டியும் துண்டும் விற்கிறார்கள். மகாலின் அளவு உண்மையில் எவ்வளவு என்பது இங்கே வந்தால்தான் உறைக்கும்.

இந்தப் பகுதியில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறைகளாக நெசவும் சாயமும் செய்து வந்திருக்கிறார்கள். சுங்குடிச் சேலை வாங்குவதானால் இங்கே வாங்குங்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதா, அச்சடித்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். முடிச்சுப் போட்டதில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, நடுவில் துணி லேசாகக் குமிழ்ந்திருக்கும்.

அங்கிருந்து விளக்குத்தூண். கோட்டையை இடித்த அதே பிளாக்பர்னுக்கு ஊரார் வைத்த நினைவுச் சின்னம். இன்று அந்தப் பெயர் ஜிகர்தண்டாவுக்குத்தான் பிரபலம். கண்ணாடித் தம்ளரில் முதலில் கடல்பாசி, அதன்மேல் நன்னாரி சர்ப்பத், அப்புறம் சிவக்கக் காய்ச்சிச் சுண்டிய பால், கடைசியில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம். கலக்காமல் கொஞ்சம் குடித்துவிட்டு அப்புறம் கலக்குங்கள். பெரியது வாங்கினால் இரவுச் சாப்பாடு இறங்காது.

5:30: கீழமாசி வீதி வழியாக வைகை

கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரம். மிளகாய் வற்றல் நெடியும் பெருங்காய வாசனையும் தெரு முழுக்க. பக்கத்துக் கீழமாரட் வீதி வெங்காயத்துக்கு. மேலே நடந்தால் யானைக்கல் வாழைப்பழ மண்டிகள். சித்திரைத் தேர் ஓடுவது இந்த மாசி வீதிகளில்தான். மாதமும் பெயரும் பொருந்தவில்லையே என்று தோன்றும். மாசியில் நடந்துகொண்டிருந்த திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவோடு சேர்த்தார் என்று சொல்வார்கள்.

யானைக்கல்லைத் தாண்டினால் ஆல்பர்ட் விக்டர் பாலம். சூரியன் இறங்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், வைகையில் பல மாதங்கள் தண்ணீர் இருக்காது, இருக்கும் தண்ணீரும் சாக்கடையோடு சேர்ந்துதான். ஆனாலும் ஆற்றின் நடுவே நிற்கும் மைய மண்டபத்தையும், அக்கரையில் கோரிப்பாளையம் தர்காவின் குவிமாடத்தையும் பார்க்கப் பாலத்தில் ஏறுவது தகும். கள்ளழகர் சித்திரா பௌர்ணமிக்கு இறங்கும் ஆறு இது. கைப்பிடிச் சுவரை ஒட்டியே நடங்கள், வண்டிகள் உரசிக்கொண்டு போகும்.

திரும்பும்போது வடக்கு வெளி வீதி வழியாக வாருங்கள். சேதுபதி மேல்நிலைப் பள்ளியைக் கடந்து போவீர்கள். 1904-ல் பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பள்ளி. கால் வலித்தால் இந்த இடத்தில் ஆட்டோ பிடிக்கலாம், குற்றமில்லை.

7:30: எழுகடல் தெரு, புதுமண்டபம், பள்ளியறை

கோயிலுக்குக் கிழக்கே எழுகடல் தெருவில் ராயகோபுரத்தின் அடித்தளம். திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் விட்டது. நிலைக்கால்களின் பருமனைப் பார்த்தால் தெற்குக் கோபுரத்தையே தோற்கடிக்க நினைத்திருக்கிறார் என்று தெரிகிறது. அடுத்து புதுமண்டபம், 124 தூண்கள், நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகள். பல காலம் தையற்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் நிறைந்திருந்த இடம். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு நல்லது. ஆனால் தைக்கிற மெஷின் சத்தம் இல்லாத புதுமண்டபம் பழகியவர்களுக்குக் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கும்.

எட்டரைக்குள் மறுபடி கோயிலுக்குள் போய்விடுங்கள். காலையில் இருந்த வரிசைகள் இருக்காது. ஒன்பது மணி வாக்கில் சுந்தரேசுவரரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து, மேளமும் பாட்டுமாக, அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு எடுத்து வருவார்கள். பல்லக்கு திரும்பும் இடங்களில் சாமரம் வீசி நிற்பார்கள், பின்னாலேயே நடக்கலாம். பால் நிவேதனம், அம்மனுக்கு மூக்குத்தி தீபாராதனை, நடை சாத்தல்.

வெளியே வரும்போது பசி எடுத்திருக்கும். மதுரையில் இந்த நேரத்துக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அசைவம் என்றால் சிம்மக்கல் பக்கம் கறிதோசை. மூன்று அடுக்கு, அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கறி. ஆளுக்கு ஒன்று தாங்கும். சைவம் என்றால் மாசி வீதி ஓரங்களில் தள்ளுவண்டி இட்லி, நாலு சட்னி. சென்னை, திருச்சி, ராமேசுவரம், நெல்லைப் பேருந்துகள் மாட்டுத்தாவணியில், கோவை, திண்டுக்கல், தேனி பேருந்துகள் ஆரப்பாளையத்தில். இரண்டுக்கும் பெரியார் நிலையத்திலிருந்து நகரப் பேருந்து உண்டு. பத்தரைக்கு மேல் குறைந்துவிடும் என்பதால் இட்லிக் கடையில் கணக்குப் பார்த்து உட்காருங்கள்.